கடிவாளம் யார் கையில்?

2021 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 6 ஆம் திகதி, டோக்கியோ ஒலிம்பிக் அரங்கிலே ஒரு குதிரை ஓட மறுத்தது. அதன் பெயர் செயின்ட் போய். வாட்போர், நீச்சல், குதிரையேற்றம், ஓட்டம், துப்பாக்கிச் சூடு ஆகியவை சேர்ந்த ‘நவீன ஐம்போட்டி’யின் மகளிர் இறுதிச் சுற்று அது. முதலிரு பகுதிகளும் முடிந்த வேளையில் முன்னணியில் நின்ற ஜேர்மன் வீராங்கனை அக்குதிரையின் முதுகில் இருந்தார். குதிரை அவருடையதன்று, சீட்டுக் குலுக்கலிலே அவருக்கு விழுந்தது. மனிதரும் விலங்கும் ஒருவரையொருவர் அறிந்துகொள்ள வழங்கப்பட்ட அவகாசம் இருபது நிமிடம். அதே குதிரை சற்று முன்னர்தான் வேறொரு நாட்டு வீராங்கனையோடு தடை தாண்ட மறுத்திருந்தது. இப்பொழுதும் மறுத்தது. வீராங்கனை அழுதார்; அழுதபடியே சவுக்கால் அடித்தார். வேலிக்கு அப்பால் நின்ற பயிற்சியாளர், இன்னும் பலமாக அடிக்குமாறு கூவினார். தாமும் கை முட்டியாற் குதிரையைக் குத்தினார். உலகம் முழுவதும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் அப்பயிற்சியாளர் போட்டிகளிலிருந்து விலக்கப்பட்டார். நீதி நிறைவேறிற்று என்றார்கள். நாம் கேட்கிறோம்: சீட்டுக் குலுக்கலிலே உயிருள்ள ஒரு பிராணியைப் பகிர்ந்தளிக்கும் விதியை எழுதியவர் யார்? இருபது நிமிடம் போதும் என்று கணக்கிட்டவர் யார்? முதலாவது சுற்றிலேயே மிரண்டுபோன குதிரையை இரண்டாவது சுற்றுக்கும் இழுத்துவர அனுமதித்தவர் யார்? அவர்களில் எவரும் மறுநாள் விலக்கப்பட்டதாக நாம் அறியோம். குத்திய கை தண்டிக்கப்பட்டது. அந்தக் கையை அவ்விடத்திற் கொண்டுவந்து நிறுத்திய ஏற்பாடு தண்டிக்கப்படவில்லை. இக்கட்டுரையில் நாம் சொல்ல விரும்புவதனைத்தும் ஏறத்தாழ இந்த ஒரு வாக்கியத்துள் அடங்கும்.

குதிரை வளர்ப்பது எங்கோ செல்வர் வீட்டு விவகாரம். இது நமக்கெதற்கு என்று நண்பர் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. ஆயினும் அதே டோக்கியோ ஒலிம்பிக்கில் இலங்கைக் கொடியின் கீழும் ஒரு குதிரை களமிறங்கிற்று. இலங்கையிற் பிறந்து சுவீடனில் வளர்ந்த மெட்டில்டா கார்ல்சன், குதிரையேற்றத்தில் இந்நாட்டின் சார்பாக ஒலிம்பிக்குச் சென்ற முதலாமவர். நமது பெயரும் அந்த மைதானத்துப் பலகையில் எழுதப்பட்டிருந்தது. அது ஒரு காரணம். அதனினும் முக்கியமான காரணம் வேறு. ‘ஒழுக்கக் கோவை’ என்ற சொல் இன்று எங்கும் ஒலிக்கிறது. தொழிற்சாலை முதலாளிக்கு ஒரு கோவை, பத்திரிகைக்கு ஒரு கோவை, விளையாட்டுக்கு ஒரு கோவை. அவற்றை யார் எழுதுகின்றனர், யாருக்காக எழுதுகின்றனர், மீறியவரை யார் விசாரிக்கின்றனர் என்பவற்றை ஆராய்வது ஆசிரியரும் மாணவருமாகிய நம் கடமை. வாய் பேசாத ஒரு பிராணியைப் பற்றிய கோவை, இவ்வாராய்ச்சிக்கு மிகத் தெளிவான உரைகல்லாகும். தொழிலாளி என்றாவது ஒருநாள் வாய் திறந்து, இக்கோவை பொய் என்று கூறக்கூடும். குதிரை கூறாது. ஆகவே குதிரைக்கென எழுதப்பட்ட கோவையில், எழுதியவருடைய உள்ளம் ஒளிவுமறைவின்றித் தெரியும்.

கோவை எழுதுவது மேலைநாட்டாரின் புதுக் கண்டுபிடிப்பன்று. நம் மொழியிலே பதினெண்கீழ்க்கணக்கு வரிசையில் ஆசாரக்கோவை என்றொரு நூலுண்டு. அரசர் முன்னும் பெரியோர் முன்னும் எப்படி நிற்க வேண்டும், எப்படிப் பேச வேண்டும் என்றெல்லாம் அது விதிக்கிறது. கீழே நிற்பவன் மேலே இருப்பவனிடம் நடந்துகொள்ள வேண்டிய முறைக்கு அங்கே குறைவில்லை. மேலே இருப்பவன் தவறினால் அவனை யார் கேட்பது என்ற கேள்விக்குத்தான் கோவைகளில் இடம் கிடைப்பதில்லை. நூற்றாண்டுகள் கழிந்தும் இவ்விலக்கணம் மாறவில்லை.

சர்வதேச குதிரையேற்றச் சம்மேளனம் 1921 ஆம் ஆண்டிலே தோன்றிற்று. சுவிற்சர்லாந்தின் லொசான் நகரில் அதன் தலைமையகம் உள்ளது. குதிரை நலனுக்கான அதன் ஒழுக்கக் கோவை 1990களின் தொடக்கத்தில் உருவாயிற்று. குதிரையின் நலனே தலையாயது. போட்டி ஆசைக்கோ வணிக ஆசைக்கோ அந்நலன் ஒருபொழுதும் கீழ்ப்படுத்தப்படலாகாது என்பது அதன் சாரம். பயிற்சி எப்படியிருக்க வேண்டும், சேணமும் கடிவாளமும் எப்படிப் பொருந்த வேண்டும், நோயுற்ற குதிரையை ஓட்டலாகாது, முதுமையுற்ற குதிரையை மனிதாபிமானத்தோடு நடத்த வேண்டும் என்றெல்லாம் அது கூறுகிறது. வாசகங்களிற் குறை காண முடியாது. அவற்றை வாசிப்பவன், குதிரைகளுக்குப் பூவுலகிலேயே சுவர்க்கம் கிடைத்துவிட்டதென்று எண்ணுவான்.

ஆனால் இக்கோவை எந்தச் சூழலிற் பிறந்தது? 1990 ஆம் ஆண்டில், மேற்கு ஜேர்மனியின் புகழ்வாய்ந்த பயிற்சிக்கூடம் ஒன்றிலே எடுக்கப்பட்ட படக்காட்சி பத்திரிகை மூலம் வெளிவந்தது. தாவும் குதிரையின் கால்களிலே கம்பத்தை உயர்த்தி அடிக்கும் காட்சி அது. அடிபட்ட குதிரை அடுத்த முறை வலிக்கு அஞ்சி இன்னும் உயரத் தாவும் என்பதே அப்பயிற்சியின் தத்துவம். மக்கள் கொதித்தனர். அதன் பின்னரே தடைகளும் கோவைகளும் விரைந்து வந்தன. குதிரையின் கால் எத்தனையோ காலமாக வலித்துக்கொண்டுதான் இருந்தது. அந்த வலி படம் பிடிக்கப்பட்ட அன்றுதான் சம்மேளனத்தின் மனச்சாட்சி விழித்தது. அன்றுதொட்டு இன்றுவரை, ஒவ்வொரு புதிய விதிக்கும் முன்னால் ஓர் ஒளிப்படக் கருவி நின்றிருப்பதைக் காண்கிறோம்.

சற்றுப் பின்னோக்கிப் பார்ப்போம். விலங்குகளை வதைப்பதற்கு எதிராகப் பிரித்தானியப் பாராளுமன்றம் சட்டம் இயற்றியது 1822 ஆம் ஆண்டில். ரிச்சட் மார்ட்டின் என்ற உறுப்பினர் அதற்காகப் போராடினார். அவரது உள்ளத் தூய்மையை நாம் ஐயுறவில்லை. ஆனால் அச்சட்டத்தின் கீழ் நீதிமன்றத்துக்கு இழுக்கப்பட்டவர் யார்? கழுதைக்காரன், வண்டிக்காரன், சந்தைக்கு மாடு ஓட்டிச் செல்பவன். நாய்க் கூட்டத்தோடு குதிரையேறி நரிவேட்டையாடிய பிரபுவை அது தொடவில்லை. இங்கிலாந்தில் நரிவேட்டையைத் தடுக்கும் சட்டம் 2004 இலேதான் நிறைவேறிற்று. வறியவன் பிழைப்புக்காக அடித்தால் குற்றம். செல்வன் பொழுதுபோக்குக்காகக் கொன்றால் மரபு! விலங்குகளின் மீதான இரக்கத்துக்கும் வர்க்கக் கண் உண்டு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட இயலாது.

குதிரை செல்வனின் லாயத்துள் நுழைந்ததும் பிராணி என்ற நிலை மாறி முதலாகிவிடுகிறது. முதலுக்குப் பெருகும் இயல்பு உண்டு. பெருகாத முதல் சுமையாகிறது. 1990 ஆம் ஆண்டு டிசம்பரில், அமெரிக்காவிலே சரிஸ்மா என்ற போட்டிக் குதிரை மின்சாரம் பாய்ச்சிக் கொல்லப்பட்டது. அதன் மீதிருந்த காப்புறுதி 250,000 டொலர். கோடீசுவரர் குடும்பத்தைச் சேர்ந்த வீரர் ஒருவர், கூலிக்குக் குதிரை கொல்லும் ஒருவனைக் கொண்டு அதைச் செய்வித்தார் என்பது நீதிமன்றத்திலே நிரூபணமாயிற்று. இது தனியொரு சம்பவமுமன்று. காப்புறுதிப் பணத்துக்காகக் குதிரைகளைக் கொன்ற ஒரு வலைப்பின்னலே அவ்விசாரணைகளில் அம்பலமாயிற்று. 1995 இல் அவர் குற்றவாளியாகக் காணப்பட்டார். எந்தக் குற்றத்துக்கு? காப்புறுதி நிறுவனத்தை ஏமாற்றிய மோசடிக் குற்றத்துக்கு! நிறுவனத்தின் பணப்பை பட்ட காயத்துக்கு நீதி கிடைத்தது. குதிரை பட்ட துன்பம் அவ்வழக்கின் குற்றப்பத்திரத்திலே ஒரு குற்றமாகவேனும் எண்ணப்படவில்லை. குதிரையைச் சரக்காகக் கருதும் சமுதாயத்தில் நீதிமன்றமும் அதைச் சரக்காகவே காண்கிறது. இதில் வியக்க என்ன இருக்கிறது?

அதைத் தீயவர் சிலரின் செயல் என்று ஒதுக்குவாரும் உளர். அவர்கள் 2008 ஆம் ஆண்டை நினைவுகொள்க. பீஜிங் ஒலிம்பிக்கின் குதிரையேற்றப் போட்டிகள் ஹொங்கொங்கிலே நடைபெற்றன. தாவல் போட்டியிற் பங்குபற்றிய நான்கு குதிரைகளின் உடலிலே கப்சைசின் என்ற பொருள் கண்டுபிடிக்கப்பட்டது. பெயரைக் கண்டு மலைக்க வேண்டாம்; நம் வீட்டுச் சமையலறையில் உள்ள மிளகாயின் காரமே அது. வலியைத் தணிக்கும் களிம்பிலும் அது சேரும். கால்களிற் பூசினால் தோலை எரியச் செய்து, தடைக்கம்பத்தில் இலேசாக உரசினாலும் தாங்கொணா வலியுண்டாக்கவும் உதவும். நோர்வே அணி வென்ற வெண்கலப் பதக்கம் பறிக்கப்பட்டது. வெவ்வேறு கண்டங்களைச் சேர்ந்த வெவ்வேறு நாட்டு வீரர்களின் குதிரைகளில் ஒரே பொருள் காணப்பட்டதே, அதனைத் தனிமனிதக் கோளாறு என்று கூறுவது எங்ஙனம்? கோவை அப்பொழுதும் இருந்தது. குதிரையின் நலனே தலையாயது என்று அப்பொழுதும் அதில் எழுதப்பட்டிருந்தது.

விதியை மீறுவது ஒரு வகை. விதியின் சொல்லையே வளைப்பது அதனினும் நுட்பமான வகை. ‘டிரெசாஜ்’ எனப்படும் போட்டியிலே குதிரை நடனமாடுவதுபோல் நடைபயின்று காட்டும். அதற்கான பயிற்சியிலே குதிரையின் கழுத்தை வளைத்து, முகவாய் மார்பிலே முட்டும்படி கடிவாளத்தை இறுக்கிப் பிடிக்கும் முறையொன்று பரவிற்று. ‘ரோல்கூர்’ என்று அதற்குப் பெயர். 2009 ஆம் ஆண்டு டென்மார்க்கின் ஒடென்சே நகரில், அவ்விதம் பயிற்றப்பட்ட ஒரு குதிரையின் நாக்கு நீலம்பாரித்துத் தொங்கிய காட்சி உலகெங்கும் பரவியது. மீண்டும் கொதிப்பு, மீண்டும் ஆலோசனைக் கூட்டம். 2010 இல் சம்மேளனம் ஒரு தீர்ப்புக் கூறிற்று. பலாத்காரத்தால் கழுத்தை வளைப்பது தகாது. பலாத்காரமின்றித் ‘தாழ்த்தி, ஆழ்த்தி, வளைத்து’ வைத்திருப்பது தகும். அதுவும் பத்து நிமிடத்துக்கு மேற்படலாகாது என்றார்கள். நரியைப் பரியாக்கிய திருவிளையாடற் கதையை நாம் சிறு வயதிலேயே கேட்டிருக்கிறோம். பெயரை மாற்றியதும் கொடுமை பயிற்சியாகிவிட்டது! ஆனால் அக்கதையில் இரவானதும் பரிகளெல்லாம் மீண்டும் நரிகளாகி ஊளையிட்டன என்பதையும் நாம் மறக்கவில்லை. பலாத்காரம் எங்கே முடிகிறது, பயிற்சி எங்கே தொடங்குகிறது என்பதைக் குதிரையின் வாயைத் தவிர வேறெது அறியும்?

இங்கே ஒரு வேடிக்கையையும் குறிப்பிட வேண்டும். சம்மேளனத்தின் தலைமையகம் அமைந்துள்ள அதே சுவிற்சர்லாந்து, கழுத்தை அளவுமீறி வளைக்கும் இம்முறையை 2014 ஆம் ஆண்டு முதல் தன் விலங்குப் பாதுகாப்புச் சட்டவிதிகளின் மூலம் தடைசெய்தது. மக்களின் அரசு தடையென்று ஒரே சொல்லில் எழுதியதை, தனியார் சங்கம் அடைமொழிகளால் மூடி வைத்திருந்தது. பொதுச் சட்டத்துக்கும் முதலாளர் கழகத்தின் கோவைக்கும் உள்ள வேற்றுமை இதுதான்.

பணம் பெருகப் பெருகக் கோவை மெலிந்துபோவதையும் காண்கிறோம். பாலைவனத்திலே நெடுந்தூரம் ஓடும் குதிரைப் போட்டிகள் அரபு அமீரகத்தில் ஆட்சியாளரின் ஆதரவிலே நடைபெறுபவை. 2015 ஜனவரி இறுதியில் ஒரு குதிரை முன்னங்கால்கள் இரண்டும் முறிந்து மண்ணிலே சரிந்தது. அக்காட்சி வெளிவந்த பின்னர், மார்ச் மாதத்திற் சம்மேளனம் அந்நாட்டின் உறுப்புரிமையை இடைநிறுத்திற்று. துணிவான முடிவு என்று பாராட்டினோர் பலர். ஆனால் ஜூலை மாதத்திலேயே ஓர் உடன்படிக்கை கைச்சாத்தாகி இடைநிறுத்தம் நீங்கிற்று. முறிந்த கால்களோ ஜூலையிலும் சேரவில்லை.

இனி அண்மைக் காலத்துக்கு வருவோம். 2024 ஜூலை 23 ஆம் திகதி, பாரிஸ் ஒலிம்பிக் தொடங்குவதற்கு மூன்றே நாட்கள் இருக்கையில், பிரித்தானிய வீராங்கனை சார்லட் டுஜார்டின் போட்டியிலிருந்து விலகினார். மூன்று தங்கம் உட்பட ஆறு ஒலிம்பிக் பதக்கங்கள் பெற்றவர் அவர். மென்மையான பயிற்சிக்கு எடுத்துக்காட்டு எனப் போற்றப்பட்டவர். மாணவி ஒருவருக்குப் பயிற்சி அளிக்கையில், தரையில் நின்றபடி நீண்ட சவுக்கால் குதிரையின் கால்களில் ஒரு நிமிடத்துள் இருபது தடவைக்கு மேல் அவர் அடிக்கும் காட்சி வெளிவந்தது. அவர் தவற்றை ஒப்புக்கொண்டார். ஓராண்டுத் தடையும் 10,000 சுவிஸ் பிராங்கு அபராதமும் விதிக்கப்பட்டன. அவரை மேலும் இகழ்வதில் நமக்கு ஆர்வமில்லை. நாம் கவனிக்க வேண்டியது வேறு. அக்காட்சி சில ஆண்டுகளுக்கு முன்னர் எடுக்கப்பட்டது. அத்தனை காலம் அது வெளிவராமல் இருந்ததேன்? குரு புகழ்மிக்கவர், அத்துறையிற் குருவின் ஒரு சொல் மாணவரின் எதிர்காலத்தை ஆக்கும், அழிக்கும். முறையிடுபவருக்கு அடுத்த நாள் எந்த லாயத்திலும் இடம் கிடையாது. வாயில்லாப் பிராணியின் அருகில் நிற்கும் மனிதரின் வாயையும் கட்டிவைத்திருக்கும் ஏற்பாடு இது.

அதற்கு முந்திய ஆண்டில், 2023 நவம்பரில், டென்மார்க்கின் தொலைக்காட்சி நிறுவனம் ஒன்று அந்நாட்டின் மிகப்பெரிய குதிரை வணிக லாயமொன்றின் உள்நடப்புகளை வெளிக்கொணர்ந்தது. எப்படி? செய்தியாளர் ஒருவர் கூலி வேலைக்காரராக உள்ளே சேர்ந்து இரகசியமாகப் படமெடுத்ததன் மூலம். இதன் பொருளை ஆழ்ந்து நோக்குக. சம்மேளனத்தின் கண்காணிப்பாளர் எவரும் கண்டறியாததைச் சாணம் அள்ளும் வேலைக்காரராகச் சென்றவர் கண்டார். உண்மையை அறிய வேண்டுமாயின் மேடையிலிருந்து பார்த்தாற் போதாது. லாயத்தைக் கூட்டுபவனின் இடத்தில் நின்று பார்க்க வேண்டும். போட்டி மைதானத்திலே குதிரை செலவிடுவது சில நிமிடங்கள். கோவையின் கண் கூர்மையாக இருப்பதும் அங்கேதான். மீதி வாழ்நாள் முழுவதும் அது அடைபட்டிருப்பது தனியார் லாயத்தில். அங்கே கோவை படலைக்கு வெளியே நின்றுவிடுகிறது. ஏனெனில் உள்ளே இருப்பது தனியுடைமை.

குதிரையேற்ற வீரர்கள் தம் குதிரைகளை உயிராக நேசிக்கின்றனர் என்பது மறுதரப்பாரின் முதல் வாதம். நேசிப்பவர் பலர் என்பதை நாம் மறுக்கவில்லை. நேசம் இருக்கிறதா இல்லையா என்பதன்று வினா. நேசத்துக்கு அதிகாரம் இருக்கிறதா என்பதே வினா. 2010 ஆம் ஆண்டில் டோட்டிலாஸ் என்ற ஒல்லாந்துக் குதிரை, உலக வெற்றிகள் பெற்ற கையோடு ஜேர்மனிக்கு விற்கப்பட்டது. விலை சுமார் ஒரு கோடி யூரோ என்று பத்திரிகைகள் எழுதின. அதனோடு சேர்ந்து அவ்வெற்றிகளைப் பெற்ற வீரர் குதிரையை இழந்தார், உடைமையாளர் அவரல்லர். அக்குதிரை 2015 இல் ஆஹன் நகரில் நடந்த ஐரோப்பியப் போட்டியிலே காலை ஒழுங்காக ஊன்ற முடியாமல் நடந்ததைப் பார்வையாளர் கண்டனர். பின்னரே பின்னங்கால் எலும்பிற் பாதிப்பு உண்டென அறிவிக்கப்பட்டது. அத்தோடு அதன் போட்டி வாழ்வு முடிந்தது. நேசித்தவர் எத்தனை பேரோ அறியோம். அத்தனை நேசத்தையும் மீறி அக்குதிரை களத்துக்கு வந்தது. கோடி கொடுத்து வாங்கிய பொருள் லாயத்திற் படுத்திருக்கலாமோ?

ஒரு குடம் பாலிலே ஒரு துளி நஞ்சு விழுந்ததற்காகப் பசுவைப் பழிக்கலாமா என்பது இரண்டாவது வாதம். 1990, 2008, 2009, 2015, 2021, 2023, 2024. ஜேர்மனி, ஹொங்கொங், டென்மார்க், அமீரகம், யப்பான், பிரித்தானியா. துளிகள் இவ்வாறு ஆண்டுதோறும் நாடுதோறும் விழுமாயின், நஞ்சு குடத்துக்கு வெளியிலிருந்து வருவதன்று. குடத்தின் உட்பூச்சிலேயே உள்ளது.

மூன்றாவது வாதம் எதிர்த்திசையிலிருந்து வருகிறது. குதிரையின் முதுகில் மனிதன் ஏறுவதே அநீதி. இவ்விளையாட்டையே ஒழித்துவிடுக என்பர் சிலர். அவர்களின் கோபத்தை மதிக்கிறோம். ஆனால் ஒழிப்பு என்ற சொல்லும் பொறுப்பைத் தட்டிக்கழிக்கப் பயன்படும் என்பதை நவீன ஐம்போட்டிச் சங்கம் காட்டிற்று. செயின்ட் போய் சம்பவத்தின் பின், 1912 முதல் இருந்துவந்த குதிரையேற்றத்தை 2024 பாரிஸ் ஒலிம்பிக்கோடு நீக்கிவிட அச்சங்கம் தீர்மானித்தது. அதன் இடத்திலே மனிதர் ஏறித் தாண்டும் தடை ஓட்டம் வந்தது. சீட்டுக் குலுக்கலிலிருந்து குதிரைகள் விடுபட்டன, மகிழ்ச்சியே. எனினும் அச்சங்கம் தன் பழைய விதிகளுக்காக எவரையும் பொறுப்பாளியாக்கவில்லை. குதிரையை வெளியேற்றிக் கேள்வியையும் அதனோடு வெளியேற்றிவிட்டது. வேலைநிறுத்தம் செய்த தொழிலாளியை நீக்கிவிட்டுத் தொழிற்சாலையில் அமைதி நிலவுகிறது என்று அறிக்கை விடும் முதலாளியை இது நமக்கு நினைவூட்டவில்லையா?

சம்மேளனம் ஒன்றுமே செய்யவில்லை என்று கூறுவதும் நேர்மையாகாது. 2022 இல் அது ஒழுக்கமும் நலனும் பற்றிய ஆணைக்குழுவொன்றை அமைத்தது. 2023 இல் அக்குழு குதிரைகளுக்கு நல்வாழ்வு வேண்டும் என்ற அறிக்கையைத் தந்தது. அதிற் பயனுள்ள பரிந்துரைகள் பல. 2025 இல், குதிரையின் மூக்கைச் சுற்றிக் கட்டும் வாரின் இறுக்கத்தை அளக்கும் கருவியொன்றும் நடைமுறைக்கு வந்தது. முன்பு இரண்டு விரல் நுழைய இடமிருக்க வேண்டும் என்றார்கள். யாருடைய விரல், எவ்விடத்தில் என்பதெல்லாம் வாதத்துக்குரியவை. கருவிக்கு முகதாட்சண்ணியம் கிடையாது. நல்லுபதேசத்தைவிட அளவுகோல் மேலானது என்பதற்கு இது சான்று. இவ்வகை விதிகளை நாம் மனமார வரவேற்கிறோம்.

ஆயினும் அவ்வறிக்கையைச் சூழ்ந்து எழுந்த பேச்சிலே அடிக்கடி ஒலித்த சொல் ‘சமூகத்தின் அனுமதி’ என்பது. மக்களின் நம்பிக்கையை இழந்தால் விளையாட்டு நிலைக்காது. ஆகவே குதிரையை நன்கு நடத்துவோம் என்பது அதன் கருத்து. அடிப்பது தவறு என்பதாலன்றி, அடிப்பதைப் பார்த்துவிட்டார்கள் என்பதற்காக வரும் திருத்தம், பார்ப்பவர் திரும்பியதும் மறைந்துபோகும். 2025 நவம்பரில் ஹொங்கொங்கிற் கூடிய சம்மேளனத்தின் பொதுச்சபை இதனை மெய்ப்பித்தது. தாவல் போட்டியிலே குதிரையின் உடலில் இரத்தம் காணப்பட்டால், அதனைக் கொண்டே வீரரை நீக்கிவிடும் வகையிலிருந்த கடுமையான விதியை அது பெரும்பான்மை வாக்குகளால் தளர்த்திற்று. சிறு கசிவாயின், மருத்துவர் ஓடத் தகுதியுண்டென்றால், பதிவு செய்த எச்சரிக்கையோடு போட்டி தொடரலாம். கை தூக்கியவர்கள் தேசியச் சங்கங்களின் பிரதிநிதிகள். சேணம் துடைப்பவனுக்கு அச்சபையில் வாக்கில்லை. எல்லோருக்கும் வாக்கு உண்டு. இரத்தம் சிந்துவதற்கு மாத்திரம் குதிரை உண்டு!

எனவே நாம் முடிவாகக் கூறுவது இதுவே. ஒழுக்கக் கோவை வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. எழுத்தில் உள்ள உரிமை, போராடுபவன் கையிலே ஒரு பற்றுக்கோல்; அதை எறிந்துவிடுவது மடமை. ஆனால் அனைத்துச் சுமையையும் வீரர், பயிற்சியாளர் என்ற இருவர் தோளில் ஏற்றிவிட்டு, உடைமையாளரையும் சங்கத்தையும் விளம்பரம் கொடுக்கும் வணிக நிறுவனத்தையும் நிழலிலே அமர்த்தும் கோவையை நாம் ஒப்புக்கொள்ளோம். வெற்றி பெறாவிடின் குதிரை வேறொருவரிடம் போய்விடும் என்ற அச்சத்தில் வாழும் வீரரும், வெற்றி தராவிடின் பிழைப்பு போய்விடும் என்ற அச்சத்தில் வாழும் பயிற்சியாளரும், அந்த அச்சத்தைச் சவுக்கின் நுனிவழியே குதிரைக்குக் கைமாற்றுகின்றனர். அடித்தவரின் குற்றம் இதனாற் குறையவில்லை. குற்றவாளிகளின் வரிசைதான் நீள்கிறது.

அவ்வரிசை முழுவதையும் எட்டும் கோவையே கோவை. முதலாவதாக, குதிரையின் நலன் தனியார் கழகத்தின் கருணையாக இராது நாட்டின் பொதுச் சட்டமாக வேண்டும். சுவிற்சர்லாந்து செய்தது பிற நாடுகளுக்கும் இயலும். இரண்டாவதாக, கண்காணிப்பு மைதானத்தோடு நில்லாது லாயத்துக்குள் முன்னறிவிப்பின்றி நுழைய வேண்டும். கண்காணிப்பவர் சம்மேளனத்தின் சம்பளத்தில் இருத்தலாகாது. மூன்றாவதாக, முறையிடும் மாணவரையும் லாயத் தொழிலாளரையும் பழிவாங்கலிலிருந்து காக்க வேண்டும். விதி வகுக்கும் சபையில் அவர்களுக்கு ஆசனமும் வாக்கும் வேண்டும். நான்காவதாக, தண்டனை உடைமையாளரின் பணப்பையையும் தொட வேண்டும். கோடி மதிப்புள்ள வணிகத்துக்கு 10,000 பிராங்கு அபராதம் ஒரு கால் தூசு. ஐந்தாவதாக, குதிரை மறுத்தால் அம்மறுப்பு மதிக்கப்பட வேண்டும். தடையின் முன் நின்றுவிடும் குதிரை விதியை மீறவில்லை. தனக்குத் தெரிந்த ஒரே மொழியில் சாட்சியம் சொல்கிறது. அச்சாட்சியத்தைக் கேட்டுப் போட்டியை நிறுத்துபவரே நீதிபதி எனப்படத் தக்கவர்.

கிறிஸ்துவுக்கு முந்திய நான்காம் நூற்றாண்டிலேயே, கிரேக்கப் படைத்தலைவர் செனபோன் குதிரையேற்றம் பற்றி எழுதிய நூலில், கட்டாயத்தாற் பெறப்படும் அசைவில் அழகு இராது என்ற கருத்தை வற்புறுத்தினார். 1877 இல் அன்னா சூவல் என்ற ஆங்கிலப் பெண்மணி ‘பிளாக் பியூட்டி’ என்ற கதையை எழுதி, நாகரிகத்துக்காக வண்டிக் குதிரைகளின் தலையை நிமிர்த்திக் கட்டும் வாரின் கொடுமையை மக்களுக்கு உணர்த்தினார். ஆகவே அறியாமை என்ற சாக்குக்கு இங்கே இடமில்லை. அன்று நாகரிகம் தலையை மேலே இழுத்தது. இன்று பதக்கம் அதே தலையைக் கீழே இழுக்கிறது. இழுக்கும் கையின் பின்னால் உள்ள ஆதாயம் மாறவில்லை.

ஆசிரிய நண்பர்களே, மாணவ நண்பர்களே! விளையாட்டு மனிதனைப் பண்படுத்தும் என்று வகுப்பறையிலே நாம் கற்பிக்கிறோம். அது உண்மையாக வேண்டுமாயின், எந்த ஒழுக்கக் கோவையைக் கையிலெடுத்தாலும் முதல் ஏட்டை வாசிக்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்கப் பழகுவோம். இதை எழுதியவர் யார்? இதனால் கட்டுப்படுபவர் யார், கட்டுப்படாதவர் யார்? அடிபட்டவர் முறையிட வழியுண்டா? டோக்கியோ மைதானத்திலே செயின்ட் போய் அசையாமல் நின்றபோது, இக்கேள்விகளைத்தான் கேட்டுக்கொண்டு நின்றது. அதற்கு ஒரு குத்து விழுந்தது. விடை இன்னும் கிடைக்கவில்லை.